உடல் எடையும் மருத்துவச் செலவும்: யார் பையிலிருந்து போகிறது?

2008 பிப்ரவரியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் இருந்த பீட்டர் வான் பாலும் அவருடைய சகாக்களும் கேட்ட கேள்வி இது: 20 வயதில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் புகைபிடிக்காதவர், எடையும் அளவாக இருக்கிறது. இரண்டாமவரும் புகைபிடிக்காதவர்தான், ஆனால் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு 30க்கு மேல். மூன்றாமவருக்கு எடை அளவுதான், ஆனால் புகைபிடிக்கிறார். இவர்கள் சாகும்வரை ஒவ்வொருவருக்கும் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாகும்?

ஊரில் யாரைக் கேட்டாலும் குண்டாக இருப்பவருக்கும் புகைபிடிப்பவருக்கும்தான் அதிகம் என்பார்கள். கணக்கில் வந்தது நேர் எதிர். நலமாக வாழ்பவருக்கு சுமார் 2,81,000 யூரோ. பருமனானவருக்கு 2,50,000. புகைபிடிப்பவருக்கு 2,20,000. மூவரில் மலிவான ஆள் புகைபிடிப்பவர்தான்.

காரணம் புரியாத புதிர் எதுவும் இல்லை. முதல் ஆள் சராசரியாக 84 வயதுவரை இருக்கிறார், பருமனானவர் 80, புகைபிடிப்பவர் 77. நலமாக வாழ்ந்தவரும் ஒருநாள் ஏதோ ஒரு நோயில் சாகத்தான் வேண்டும். அது பெரும்பாலும் 80ஐத் தாண்டி வரும் பக்கவாதமாகவோ மறதிநோயாகவோ இடுப்பு எலும்பு முறிவாகவோ இருக்கிறது. இவற்றில் மருந்துச் செலவைவிட ஆள் செலவு அதிகம்: குளிப்பாட்ட ஒருவர், ஊட்டிவிட ஒருவர், இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஒருவர். நெதர்லாந்தில் 1968 முதலே நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனியாகக் கட்டாயக் காப்பீடு இருந்தது. முதியோர் இல்லத்தில் ஒரு செவிலியர் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே நாட்டின் மருத்துவச் செலவில் பதிவாகிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோய் பயங்கரமானது, ஆனால் செலவுக் கணக்கில் அது சிறியது. ஏனென்றால் ஆள் சீக்கிரம் போய்விடுகிறார்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தியும் அதே கட்டுரையில் இருக்கிறது. 56 வயதுவரை ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால் பருமனானவருக்குத்தான் அதிகச் செலவு. அதற்கு மேலேதான் கணக்கு தலைகீழாகிறது. அதாவது எடையால் வரும் செலவு வேலை செய்யும் வயதில் வருகிறது, நீண்ட ஆயுளால் வரும் செலவு ஓய்வு பெற்ற பிறகு வருகிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் அந்த மூன்று பெரிய எண்களைவிட இந்த 56தான் முக்கியமான எண்.

அப்படியானால் உடற்பயிற்சி செய்யச் சொல்வது அரசுக்கு நட்டமா? இப்படி யோசிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. செக் குடியரசில் புகைபிடிப்பவர்களால் அரசுக்கு லாபமா நட்டமா என்று கணக்கிட ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் பணி கொடுத்தது. சிகரெட் வரி வருமானத்தோடு, ஆட்கள் சீக்கிரம் இறப்பதால் மிச்சமாகும் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் சேர்த்து, 1999இல் மட்டும் அரசுக்கு 580 கோடி செக் கொருனா ஆதாயம் என்று அறிக்கை சொன்னது. 2001இல் அது வெளியே வந்ததும் எழுந்த கண்டனத்தில் பிலிப் மோரிஸ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கூட்டல் கழித்தலில் இருந்த குறையைவிட, செத்துப்போன ஒருவரை வரவுப் பக்கத்தில் எழுதியதுதான் ஊரைக் கொதிக்க வைத்தது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. பருமனைத் தடுப்பது மக்கள் உடல்நலத்துக்கு நல்லது, கொடுக்கிற பணத்துக்குத் தகுந்த பலனும் உண்டு, ஆனால் ஏறிக்கொண்டே போகும் மருத்துவச் செலவுக்கு அதை மருந்தாக நம்ப வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. அவர்களுடைய எண்களையே வைத்து இன்னொரு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். நலமாக வாழ்பவருக்குப் பருமனானவரைவிட 31,000 யூரோ கூடுதல் செலவு, கூடுதல் ஆயுள், வயதுகளை முழு எண்ணாக்காமல் பார்த்தால், நான்கரை ஆண்டு. ஓர் ஆண்டு ஆயுளுக்கு ஏறக்குறைய 7,000 யூரோ. ஒரு புற்றுநோய் மருந்து இந்த விலையில் ஓராண்டு ஆயுள் தரும் என்றால் எந்த ஐரோப்பிய அரசும் பேரம் பேசாமல் வாங்கும்.

நலமாக வாழ்ந்தால் ஆயுள் மட்டும் நீளுமா, அல்லது படுக்கையில் கிடக்கும் காலமும் சுருங்குமா என்பது இதோடு ஒட்டிய பழைய விவாதம். ஜேம்ஸ் ஃபிரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1980இல் இரண்டாவதுதான் நடக்கும் என்றார். நோயின் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டால் கடைசிக் காலத் துன்பம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் வாதம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வை அவர் குழு 1998இல் வெளியிட்டது. எடை, புகை, உடற்பயிற்சி மூன்றிலும் நல்ல நிலையில் இருந்தவர்களுக்கு உடல் முடங்குவது, மோசமான நிலையில் இருந்தவர்களைவிட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. இது நல்ல செய்திதான். ஆனாலும் செலவு தள்ளிப்போகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. அது யாருடைய மேசைக்குத் தள்ளிப்போகிறது என்பதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

முதலாளி கட்டும் பிரீமியம்

அமெரிக்காவில் வேலை செய்யும் வயதினரில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலை செய்யும் இடத்தின் வழியாக வருகிறது. 65 வயதானதும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுக்கு மாறிவிடுகிறார்கள். ஆக, 56க்கு முந்தைய செலவு முதலாளிக்கு, 65க்குப் பிந்தையது அரசுக்கு. முதலாளிக்கு ஆயுள் கணக்கு தேவையே இல்லை, ஆண்டுக் கணக்கு போதும். அந்தக் கணக்கில் பருமன் கண்டிப்பாகச் செலவுதான். எரிக் ஃபிங்கெல்ஸ்டீன் குழு 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2006இல் பருமனான ஒருவருக்கான ஆண்டு மருத்துவச் செலவு அளவான எடையுள்ளவரைவிட 1,429 டாலர் அதிகம். கிட்டத்தட்ட 42 விழுக்காடு கூடுதல். இந்தக் கூடுதலும் எல்லாரிடமும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. லேசாக எடை கூடியவருக்குச் செலவு பெரிதாக ஏறுவதில்லை, பி.எம்.ஐ. 35, 40 என்று போகும்போதுதான் செங்குத்தாக ஏறுகிறது.

சரி, ஊழியர்களை ஒல்லியாக்கினால் பிரீமியம் குறையும் என்று நிறுவனங்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 2010இல் வந்த ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டம் ஒருவருடைய நோயைக் காரணம் காட்டிப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்றது. ஆனால் அலுவலக நலத்திட்டத்தில் சேர்ந்து இலக்குகளை எட்டுபவருக்கு 30 விழுக்காடுவரை சலுகை தரலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அதே 2010இல் கேத்தரின் பெய்க்கர் என்ற ஹார்வர்டு பொருளியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து, பழைய ஆய்வுகளைத் தொகுத்து, நலத்திட்டத்தில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டாலர் மிச்சம் என்று எழுதினார்கள். அந்த எண் நிறுவனங்களின் கூட்ட அறைகளிலெல்லாம் ஓடியது. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம்.

அதே பெய்க்கர், அந்த இருவரில் ஒருவரான ஸிருய் சாங்கோடு சேர்ந்து இந்த முறை உண்மையான குலுக்கல் முறைச் சோதனை நடத்தினார். பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 160 பணியிடங்கள், ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். குலுக்கலில் விழுந்த 20 இடங்களில் மட்டும் திட்டம். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த 20 இடங்களில் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, பி.எம்.ஐ., மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2019இல் இது வெளிவந்தது. அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சுமார் 5,000 ஊழியர்களிடம் நடந்த சோதனையும் அதையே சொன்னது. கூடவே காரணத்தையும் காட்டியது: இப்படிப்பட்ட திட்டங்களில் ஆசையாகச் சேருபவர்கள் ஏற்கெனவே நலமாகவும் குறைந்த செலவிலும் இருப்பவர்கள். பழைய ஆய்வுகள் கண்ட மிச்சத்தில் பெரும்பகுதி இவர்கள் சேர்ந்ததால் தெரிந்ததுதான். திட்டம் சம்பாதித்துக் கொடுத்தது அல்ல. தன் பழைய முடிவைத் தானே சோதித்துப் பார்த்த ஆய்வாளரை மெச்சத்தான் வேண்டும்.

எடையை உண்மையிலேயே குறைத்துக் காட்டும் ஊசிகள் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. செமாக்ளூடைடு வகை மருந்துகளை எடைக் குறைப்புக்காக மெடிகேரில் சேர்த்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2024 அக்டோபரில் கணித்தது. 2026 முதல் 2034 வரை கூடுதல் செலவு சுமார் 3,500 கோடி டாலர். உடல்நலம் தேறுவதால் வரும் மிச்சம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மருந்து வேலை செய்கிறது, ஆனால் மருந்துக்கு விலை இருக்கிறது.

இங்கே கணக்கு வேறு

மேலே சொன்ன எல்லாவற்றிலும் பணம் கட்டுவது ஏதோ ஒரு நிறுவனம்: அரசு, முதலாளி, காப்பீடு. இந்தியாவில் 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64 விழுக்காட்டை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி இது 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தது உண்மையில் பெரிய விஷயம். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் சட்டைப் பையிலிருந்து போகும் நாட்டில், ஆயுள் முழுக்கக் கூட்டினால் யாருக்கு அதிகம் என்ற நெதர்லாந்துக் கேள்விக்கு அவ்வளவு பொருள் இல்லை. எந்த வயதில் செலவு வருகிறது, அப்போது வீட்டில் சம்பாதிப்பவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

அந்த வயதோ இங்கே முன்கூட்டியே வருகிறது. ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் இந்தியர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய பத்தாண்டு முந்தியே வருகிறது என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்நின்று நடத்தி, 2023 ஜூனில் வெளியான நாடு தழுவிய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4. எடையைப் பார்த்தால், 2015-16க்கும் 2019-21க்கும் நடுவே தமிழ்நாட்டில் அதிக எடை அல்லது பருமன் உள்ள பெண்கள் 30.9இலிருந்து 40.4 விழுக்காடாக ஏறியிருக்கிறார்கள். ஆண்கள் 28.2இலிருந்து 37. ஐந்தே ஆண்டில் இவ்வளவு.

42 வயதில் சர்க்கரை நோய் வரும் ஒரு வேன் டிரைவரையோ தையற்காரரையோ நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பில் எதுவும் உடனே வருவதில்லை. மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ். மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 18,000. இருபது ஆண்டில் 3,60,000, விலையேற்றம் இல்லாமலே. இதெல்லாம் எதுவும் தவறாகப் போகாதபோது. காலில் புண் ஆறாமல் போய் விரலை எடுக்க வேண்டிவந்தால், சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்றானால், மருத்துவமனைச் செலவைவிடப் போன சம்பளம்தான் பெரிது. கூடப் போகிற மனைவியின் சம்பளமும் போகும். இந்த இழப்பு எந்த மருத்துவச் செலவுப் புள்ளிவிவரத்திலும் வராது.

காப்பீடு இதில் எவ்வளவு உதவும்? நம் காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாத்திரையும் பரிசோதனையும் நம் செலவு, விரலை எடுப்பது அவர்கள் செலவு. தடுப்பதற்கு ஒன்றுமில்லை, முற்றிய பிறகு எல்லாம் உண்டு என்ற அமைப்பு. தனியார் பாலிசி எடுக்கும்போது படிவத்தில் உயரம், எடை கேட்பார்கள். எடை கூடுதல் என்றால் பிரீமியம் ஏறலாம், சில சமயம் மறுப்பும் வரலாம். ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்கு ஆண்டுவரை இருந்ததை 2024இல் மூன்றாகக் குறைத்தார்கள். பருமனுக்கான அறுவை சிகிச்சைக்கோ பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35 இருந்து கூடவே இதய நோய், கட்டுக்கடங்காத நீரிழிவு போல ஏதாவது கடுமையான கோளாறு இருக்க வேண்டும். ஊசி மருந்துகளின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற எடைக் குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒரு ஊசி, ஆகவே மாதம் 14,000 முதல் 17,500 வரை. அந்த டிரைவரின் பாதிச் சம்பளம் அது. விலை குறைந்த நகல் மருந்துகள் வர வர நிலைமை மாறும் என்பது வேறு விஷயம்.

எடைத் தட்டு சொல்லாதது

படிவத்தில் கேட்கும் அந்த உயரமும் எடையும் நம்மவர்கள் விஷயத்தில் அவ்வளவு நம்பகமான அளவுகோலும் அல்ல. 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் நம் மாமாக்கள் எல்லாரும் இந்த வகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் ஆசியர்களுக்கு 25க்குப் பதில் 23இலிருந்தே கவனமாக இருக்கச் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 25ஐத் தாண்டினாலே பருமன் என்கிறார்கள்.

செலவுக் கணக்குக்கு இதன் விளைவு முக்கியம். எடையை மட்டும் பார்த்துப் பிரீமியம் போட்டால், 24 பி.எம்.ஐ.யும் தொந்தியுமாக வருபவர் மலிவாக உள்ளே போய்விடுவார். நன்றாக நடந்து, அளவாகச் சாப்பிட்டு, 28இல் இருப்பவர் கூடுதலாகக் கட்டுவார். எடை என்பது வாழ்க்கைமுறையின் ஒரு நிழல் மட்டும்தான்.

இதற்கு நான் அறிந்த மிக நல்ல சான்று சென்னையிலிருந்தே வந்தது. ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் சர்க்கரை எல்லையில் நின்றது, நோய் இன்னும் வரவில்லை. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து வழிகாட்டல்: சீனியையும் தீட்டிய மாவையும் குறை, தினம் அரை மணி வேகமாக நட. ஒரு குழுவுக்கு நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை. கடைசிக் குழுவுக்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதல் குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது. இதுவே அதிர்ச்சியான வேகம். வழிகாட்டல் குழுவில் 39.3. மாத்திரைக் குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. வழிகாட்டல் குழுவில் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தராசு நகரவில்லை, நோய் நகர்ந்துவிட்டது.

ஒருவருக்கு நீரிழிவு வராமல் தடுக்க ஆன செலவையும் அவர்கள் கணக்கிட்டார்கள். வழிகாட்டலில் 47,341 ரூபாய், மாத்திரையில் 49,280. அன்றைய விலையில். பின்னர் 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், எல்லைக்கோட்டில் நிற்கும் 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைப்பேசியில் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. அமெரிக்க அலுவலகத் திட்டம் தோற்ற இடத்தில் இது ஏன் வென்றது? அங்கே எல்லா ஊழியரையும் கூட்டி உட்கார வைத்தார்கள். இங்கே நோயின் வாசலில் நிற்பவரை மட்டும் ரத்தப் பரிசோதனை செய்து பிரித்தெடுத்தார்கள். ஆபத்து குவிந்திருக்கும் இடத்தில் போட்ட பணம் திரும்பி வருகிறது, எல்லாருக்கும் தூவிய பணம் வருவதில்லை.

யாருக்கு லாபமோ அவர் செலவழிப்பார்

இன்று 47,000 ரூபாய் போட்டால் பத்தாண்டு கழித்து யாருக்கு மிச்சம்? தனியார் காப்பீட்டுக்கு அக்கறை பிறக்க வழியில்லை. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது. 2011 முதல் வாடிக்கையாளர் பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போகவும் முடியும். நான் தடுத்து வைத்த நோயின் மிச்சம் என் போட்டியாளருக்குப் போகும் என்றால் நான் ஏன் செலவழிப்பேன்? நடந்த அடிகளுக்குப் புள்ளிகள், பிரீமியத்தில் சிறு தள்ளுபடி என்று செயலிகளில் வருவதெல்லாம் வாடிக்கையாளர் பிடிக்கும் வேலை. கூடவே ஏற்கெனவே நடப்பவரை உள்ளே இழுக்கும் வேலையும்கூட. இல்லினாயில் பார்த்த அதே கதை.

மிச்சமாவது இரண்டு பேருக்குத்தான். ஒன்று அந்தக் குடும்பம். இன்னொன்று மாநில அரசு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. அரசு மருத்துவமனை எப்படியும் அரசின் செலவு. டயாலிசிஸுக்கும் இதய அடைப்புக்கும் பில் கடைசியில் கருவூலத்துக்கே வரும். ஆள் வேறு எங்கும் மாறிப் போகமாட்டார். ஆகவே தடுப்பதில் உண்மையான வணிக அக்கறை இருக்க வேண்டியது அரசுக்குத்தான்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் கணக்கில் நன்றாகப் பொருந்துகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய மிச்சம். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாண்டு கழித்துப் பக்கவாதத்தோடு வருபவருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் வாசலுக்கு வரும் பெண் தன்னார்வலரின் ஊதியம் ஒன்றுமே இல்லை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று ஒரு திட்டமும் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் காலையில் அங்கே நடப்பவர்கள் யார், நடக்க நேரமே கிடைக்காதவர்கள் யார் என்று பார்த்தால் மறுபடியும் அதே இல்லினாய்.

அதே அரசு ரேஷனில் அரிசி இலவசமாகவும் சீனி மலிவாகவும் தருகிறது. பசியைப் போக்கிய அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சராசரி இந்தியரின் சாப்பாட்டில் கிட்டத்தட்ட 62 விழுக்காடு ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அண்மையில் வெளியான ஆய்வு சொல்லும்போது, அந்தப் பையில் பருப்பும் சிறுதானியமும் கூடுதலாக இருக்கலாமே என்று கேட்கத்தான் வேண்டும். வரி போட்டுத் திருத்தும் வழியையும் கேரளா பார்த்திருக்கிறது. 2016இல் பெயர் பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சா வகைகளுக்கு 14.5 விழுக்காடு கொழுப்பு வரி போட்டார்கள். தெருமுனைப் பரோட்டா தப்பித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஜி.எஸ்.டி. வந்து அந்த வரியும் போய்விட்டது.

நெதர்லாந்துக் கணக்கின் இன்னொரு பாதி, அதாவது 84 வயதின் செலவு, நமக்கும் வரப்போகிறது. 2021 மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 60ஐக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். அங்கே செவிலியருக்குச் சம்பளமாகப் போகும் அந்த மணி நேரங்களை இங்கே மகளும் மருமகளும் சம்பளமில்லாமல் தருகிறார்கள். அதனால்தான் முதுமை நமக்கு மலிவு போலத் தெரிகிறது. அவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கி, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகள் பெருகப் பெருக அந்தச் செலவும் ரூபாயாக மாறி வெளியே தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்திருப்பது இந்த வகையில் முன்யோசனை என்றே சொல்வேன்.

விட்டுப்போனது நடுவில் இருப்பவர். வாசலுக்கு மாத்திரை வர வேண்டுமென்றால் நோய் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். 38 வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் ஆளுக்குத் தரமுடிந்தது அரை மணி நடையும் சில குறுஞ்செய்திகளும் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனையும்தான். அது வேலை செய்யும் என்று காட்டிய ஆய்வு நடந்தது சென்னையில். வீடு வீடாகப் போகும் பெண்கள் ஏற்கெனவே தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.